நாத்தனார் அப்பாவியைச் சுடாத மதியம்

என் பெயரில் ஒரு கொலைகாரி இருந்தாள். எங்கள் அலுவலகத்தில் ஒருவரையும் மிச்சம் வைக்காமல் சுட்டுத் தள்ளினாள். என் பெயர் என்றால் சொந்தப் பெயர் இல்லை, உறவுமுறை. அண்ணி ஒரு கம்ப்யூட்டர் ஆட்டத்துக்காகத் தான் எழுதிய ரோபோவுக்கு 'நாத்தனார்' என்று பெயர் வைத்தாள். அவளுக்கு நாத்தனார் என்று இருப்பது நான் ஒருத்திதான். ஏன்டி இப்படி என்று கேட்டேன். பார்த்த உடனே பாயணும், எதிரில் நிற்பது யார் என்னவென்று யோசிக்கக் கூடாது, அதற்குப் பொருத்தமாக வேறு பெயர் தோன்றவில்லை என்றாள். இந்த அண்ணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். புகழ்ந்து எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அதனால் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

அவள் எனக்கு அண்ணி ஆனது பிறகு. முதலில் பக்கத்து நாற்காலிக்காரி. குடிநீர் அலுவலகத்தின் மேல்மாடியில், நடையின் கடைசியில் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு இருந்தது. கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டர் பீரோ பீரோவாகக் குளிரில் சுகமாக இருக்கும். கண்ணாடிக்கு வெளியே நாங்கள் அதோடு இணைத்த திரையும் விசைப்பலகையுமான டெர்மினல்கள் முன்னால் வேர்த்துக்கொண்டிருப்போம். ஊர் முழுக்க எந்த வீடு எவ்வளவு தண்ணீர் செலவழித்தது என்று கணக்குப் போட்டு பில் அடிப்பது வேலை. தட்டச்சுப் பிரிவிலிருந்து அவளை மாற்றி அனுப்பினார்கள். வந்த வாரமே நிரலில் ஒரு கமாவை விட்டுவிட்டாள். வீட்டு எண்ணும் தண்ணீர் அளவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு தையற்கடைக்காரர் ஏரியையே குடித்துத் தீர்த்ததாக அவருக்கு பில் போய்விட்டது. அவர் பில்லைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, கடையில் நானும் ஒரு தையல் மிஷினும்தான் இருக்கிறோம், மிஷின் தண்ணீர் குடிப்பதில்லை என்று நிதானமாகச் சொன்னார். அன்றிலிருந்து இவளுக்கு 'கமா' என்று பெயர். அழுவாள் என்று பார்த்தால், அவள் அந்த பில்லை வாங்கித் தன் மேஜைக்கு மேலே ஒட்டிக்கொண்டாள். அப்போதே முடிவு செய்தேன், இவளை விடக் கூடாது, எங்கள் வீட்டுக்குக் கொண்டு போய்விட வேண்டும் என்று.

வீட்டில் அண்ணன் இருந்தான். அவனும் அதே அலுவலகம்தான், மீட்டர் ஆய்வாளர். சைக்கிளில் தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்து வருவான். பேசுவது அபூர்வம். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் வராது. கமாவுக்கு அது பிடித்திருந்தது. என் பேச்சைக் கேட்டுக் காது புளித்துப் போனதால் இருக்கலாம். கல்யாணம் ஆனதும் ஒரு சிக்கல். ஆபீசில் வாடி போடி. வீட்டில் அம்மா எதிரில் வாங்க அண்ணி, சாப்பிடுங்க அண்ணி. ஒரு நாள் குழம்பிப் போய் ஆபீசில் எங்கள் தலைவி மேடம் எதிரில் வாங்க அண்ணி என்றும், அம்மா எதிரில் உப்பை எடுடி கமா என்றும் சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த ரோபோ விளையாட்டு எப்படிப் பிறந்தது என்று பிற்பாடு பலர் அவளைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கதை சொல்வாள். நான் பார்த்தது இது. எங்கள் பிரிவுக்கு யாரோ ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். மேலிருந்து விழும் பொருள்களைச் சட்டென்று சுட வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரோ ஒன்று, டெர்மினல்கள் பல. பொத்தானை அமுக்கினால், அது கண்ணாடி அறைக்குப் போய், வரிசையில் நின்று, அத்தனை பேருடைய பில்லையும் தாண்டித் திரும்பி வருவதற்குள் ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைத்துவிடலாம். திரையில் எல்லாமே நம் தலையில் விழுந்து நாம் செத்துப் போயிருப்போம். எல்லோரும் சலித்துப் போய் விட்டுவிட்டார்கள். அண்ணிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

அதே வாரம் வீட்டில் பால் பொங்கியது. அடுப்பில் வைத்துவிட்டு, பால் பொங்குதான்னு பாருங்க என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். வந்து பார்த்தால் பால் அடுப்பெல்லாம் ஓடுகிறது. அண்ணன் பக்கத்திலேயே நின்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். பொங்குது என்று தகவலும் சொன்னான். பாருங்க என்றாளே தவிர அடுப்பை அணையுங்க என்று சொல்லவில்லையே. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நிற்கவே இல்லை. துடைக்கிற துணியைக் கையில் பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "கையால ஆடினாத்தானேடி லேட்டாகுது? என்ன பண்ணணும்னு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டா? உங்க அண்ணன் மாதிரி ஒரு ஆளு. சொன்னதை மட்டும் செய்யணும். நாம சும்மா உக்காந்து பாக்கணும்."

அதுதான் ஆட்டம். ஒரு மைதானம், அதில் இரண்டு ரோபோக்கள். திரையில் புள்ளி புள்ளியாக மைதானம் தெரியும். ரோபோ என்பது ஓர் எழுத்து, அவ்வளவுதான். எந்தத் திசையில் நகர வேண்டும், எதிரி கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். அடி வாங்கினாலும் சுவரில் முட்டினாலும் உயிர் குறையும். ஒன்று சாகும் வரை ஆட்டம். எழுதி உள்ளே விட்டபின் யாரும் கைவைக்கக் கூடாது, வாயால் மட்டும் கத்திக்கொள்ளலாம். மற்ற ஊர்களிலும் அந்தக் காலத்திலேயே சிலர் இப்படி யோசித்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். இருக்கட்டும். எங்கள் கட்டடத்தில் இவள்தான் முதல்.

ரோபோவுக்குத் தெரிந்த சொற்கள் நான்கே நான்கு: போ, பார், சுடு, நில். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன, ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். இதில் நில் என்ற சொல் வம்பு செய்தது. என், ஐ, எல் என்று அடித்தால் எங்களுக்கு அது நில், அசையாதே. ஆனால் அலுவலகத்து ஆய்வுத்தாள்களில் ஒன்றும் இல்லாத இடத்தில் எழுதுவதும் அதே மூன்று எழுத்துதான். கசிவு: நில். புகார்: நில். மீட்டர் ஆய்வாளர்கள் பிறவி எடுத்ததே நில் போடுவதற்குத்தான். அவர்களில் ஒருவர் தன் ரோபோ பூஜ்யம் என்ற எண்ணுள்ள திசையில் போகட்டும் என்று, பூஜ்யத்துக்குப் பதிலாக நில் என்று எழுத, அது மைதானத்தின் நடுவில் அசையாமல் நின்று அடி வாங்கிச் செத்தது. அவர் கம்ப்யூட்டர் மேல் புகார் எழுதிக் கொடுத்தார்.

மதிய இடைவேளையில் ஆடுவோம். ஆரம்பத்தில் குண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று அண்ணி எழுத மறந்திருந்தாள். முதல் ஆட்டத்தில் சுட்ட குண்டு மைதானத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அது இன்னும் பறந்துகொண்டிருப்பதாகத்தான் பிரிண்டர் ஆபரேட்டர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ரோபோ 'சம்பந்தி'. எதிரியைச் சுற்றிச் சுற்றி வரும், தன் மேல் அடி விழுந்தால்தான் சுடும், சுட ஆரம்பித்தால் நிறுத்தாது. எங்கள் பிரிவுத் தலைவியான மேடம் ஒரு நாள் திட்டுவதற்காக வந்தார். நின்றார், உட்கார்ந்தார், மறுநாள் 'மேலிடம்' என்ற ரோபோவோடு வந்தார். அது நகரவே நகராது. இருந்த இடத்திலிருந்து நாலா பக்கமும் சுடும். பழிக்குப் பழியாக நான் என்னுடையதற்கு 'அண்ணி' என்று பெயர் வைத்தேன். முதல் ஆட்டத்திலேயே அது சுவரில் முட்டி முட்டித் தானாகவே செத்தது. எதிரியாக நின்ற நாத்தனார் ஒரு குண்டுகூடச் செலவழிக்கவில்லை. என் மானம் போனது.

அண்ணனுடையது 'அப்பாவி'. எதிரியைப் பார்த்தால் நகர்ந்து வழி விடும். வழி விட்ட இடத்தில் குண்டு வந்து விழும். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஆனாலும் தினமும் வெயிலில் சுற்றிவிட்டு, மாடியேறி வந்து, டிபன் பாக்ஸோடு அண்ணியின் நாற்காலி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவான். தோற்றுவிட்டுச் சாப்பிடுவான். அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த குஷியை என்னவென்று சொல்வது. பில் அடிக்கும்போது சிரிப்பு வரும், பேருந்தில் போகும்போது சிரிப்பு வரும். பெரியவர்கள் நாங்கள் எல்லோரும் கல்யாண வீட்டுக் குழந்தைகளாக மாறிப்போயிருந்தோம்.

அப்போதுதான் அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்தது. தலைமை ஆய்வாளர். சைக்கிள் மிதிக்க வேண்டாம், தனி அறை. ஆனால் வேறு ஊர். அந்த ஊர்க் கிளையில் கம்ப்யூட்டர் கிடையாது, மருந்துக்குக்கூட இல்லை. அண்ணியும் கூடப் போனால் தட்டச்சுப் பிரிவில் ஓர் இடம் தருவார்களாம். ஏற்பதா வேண்டாமா என்று அந்த வாரக் கடைசிக்குள் அண்ணன் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் என் ரத்தம் கொதித்தது. அண்ணி கேட்டாள், என்ன பண்ணலாம்? அண்ணன் சொன்னான், உன் இஷ்டம். அவள் சொன்னாள், உங்க இஷ்டம். ராத்திரி சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்வரை இதே பேச்சு. காலையில் எழுந்தால் மறுபடி உன் இஷ்டம், உங்க இஷ்டம். அவன் பல வருஷமாகக் காத்திருந்த பதவி என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் உயிரையே வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்று அவன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தால் ஒரு வீட்டில் எதுவுமே நடக்காது என்று அப்போது தெரிந்துகொண்டேன். எனக்கோ இவர்கள் போய்விட்டால் வீட்டில் அம்மாவைத் தவிர ஆள் இல்லை, பக்கத்து நாற்காலியிலும் ஆள் இல்லை. ஆனால் நாத்தனாரான நான் வாயைத் திறந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

பொறுக்க முடியாமல் நானே சொன்னேன். ஆடித் தீர்த்துக்கொள்ளுங்கள். நாத்தனார் ஜெயித்தால் இங்கேயே இருப்பது. அப்பாவி ஜெயித்தால் பெட்டியைக் கட்டுவது. ஒரே ஆட்டம், அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இருவரும் உடனே சரி என்றார்கள். அவ்வளவு சீக்கிரம் அந்த வீட்டில் எதற்குமே சரி வந்ததில்லை, அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் தோற்றதாகச் சரித்திரமே இல்லை. அப்பாவி ஜெயிப்பதா? அவன் கையால் பதவியைத் தூக்கிப் போட வைத்துவிட்டோமே என்று கொஞ்சம் மனசு உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆட்டம். விஷயம் எப்படியோ கசிந்து கீழ்த்தளத்து ஆட்களெல்லாம் மேலே வந்துவிட்டார்கள். மீட்டர் ஆய்வாளர்கள் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் பிரிவு மறுபக்கம், சம்பந்தி வீட்டார் போல முறைத்துக்கொண்டு நின்றோம். மேடம் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிரிண்டர் ஆபரேட்டர் இரண்டு நிரல்களையும் உள்ளே விட்டார். திரையில் புள்ளிகள் வந்தன. இந்த மூலையில் நாத்தனார், அந்த மூலையில் அப்பாவி. கீழே எத்தனையாவது சுற்று என்ற எண் ஓட ஆரம்பித்தது.

நாத்தனார் அசையவில்லை.

பதுங்குகிறது என்றார் ஒருவர். பாய்வதற்கு முன் அப்படித்தான் இருக்கும் என்றார் இன்னொருவர். அப்பாவியும் அசையவில்லை. பயத்தில் உறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் பிரிவு சிரித்தது. சுற்று எண் ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கமான ஆட்டம் முடிந்து இரண்டாவது ஆட்டம் முடியும் நேரமும் ஆகிவிட்டது. இரண்டு எழுத்துகளும் ஆளுக்கு ஒரு மூலையில் நின்றபடி நின்றன. பிரிண்டர் ஆபரேட்டர் இது மிகவும் உயர்ந்த உத்தி என்றும், முதலில் அசைபவர் தோற்பார் என்றும் விளக்கினார். மீட்டர் ஆய்வாளர் ஒருவர் அதை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரை கெட்டுப் போச்சா என்று கேட்டார். எண் மட்டும் ஓடியது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளை முடியும் மணி அடித்தது. ஆட்டம் முடியவில்லை. ஒன்று செத்தால்தான் முடியும் என்று எழுதிவைத்த மகராசி, இரண்டுமே சண்டை போடாது என்று கனவிலும் நினைக்கவில்லை. கைவைக்கக் கூடாது என்ற சட்டம் வேறு. பில் அடிக்கிற வேலை வரிசையில் காத்திருந்தது. கடைசியில் மேடம், சட்டமும் ஆச்சு மண்ணாங்கட்டியும் ஆச்சு, இரண்டு நிரலையும் அச்செடுங்கள் என்று உத்தரவு போட்டார். பிரிண்டர் கரகரவென்று ஆரம்பித்து, உடனே அடங்கிவிட்டது. இரண்டு தாள்கள் வந்தன. நாத்தனாரின் நிரல் வழக்கமாகக் கையகலத்துக்கு மடித்து மடித்து வரும் நீளம். இன்று தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு சொல். அப்பாவியின் தாளிலும் அதே சொல். என், ஐ, எல்.

எனக்குத்தான் புரிந்து தொலைத்தது. அவனுக்குப் பதவி கிடைக்கட்டும் என்று அவள் தோற்க வந்திருக்கிறாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் இருக்கட்டும் என்று அவன் தோற்க வந்திருக்கிறான். நாத்தனார் சுட மறந்தாலும், தப்பித் தவறி அப்பாவி ஜெயித்துவிடக் கூடாது என்று துப்பாக்கியையே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறான். வீட்டில் பேசிய அதே உன் இஷ்டம், உங்க இஷ்டத்தைத்தான் இரண்டு பேரும் மைதானத்துக்குக் கொண்டுவந்து ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

அண்ணி மட்டும் நம்பவில்லை. அவளுக்கு மீட்டர் ஆய்வாளர்களைத் தெரியும். தாளைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது நிஜமா நில்லா? இல்ல, ஒண்ணும் எழுதத் தோணாம, உங்க மீட்டர் தாள்ல போடுற நில்லைப் போட்டுட்டு வந்தீங்களா?"

அவ்வளவு பேர் எதிரில் அண்ணன் பேசி நான் பார்த்ததில்லை. மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினான்.

"ரெண்டும்தான்," என்றான். "இங்கேயே நிக்கலாம்னு ஒரு நில். பதவி வேணுமான்னா, அதுக்கு ஒரு நில்."

"எத்தனை வருஷமா காத்திருந்தீங்க?"

"காத்திருந்தேன். வந்துச்சு. வந்தப்புறம் யோசிச்சா, அங்க தனி ரூம்ல உக்காந்து தனியா சாப்பிடணும். எனக்கு உன் பக்கத்துல உக்காந்து தோக்கணும்."

மீட்டர் ஆய்வாளர்கள் தரையைப் பார்த்தார்கள். மேடம் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். அண்ணி அந்தத் தாளாலேயே அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். இதை வீட்டிலேயே வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று கேட்டாள். ஒருவேளை என் பதவிக்காக உனக்கும் போக ஆசையோ என்று ஒரு சந்தேகம் என்றான். எனக்கா, தட்டச்சுப் பிரிவுக்கா என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் பால் பொங்கிய நாளில் சிரித்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அவளைப் பார்த்து நான், என்னைப் பார்த்து ஆபரேட்டர், கடைசியில் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே கீழ்த்தளத்து ஆட்கள் வரை சிரித்தார்கள். அண்ணன் அந்த மாலையே பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான்.

மறு வாரம் அண்ணி ஆட்டத்தில் ஒரு விதி சேர்த்தாள். இரண்டு ரோபோக்களும் வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் நின்றால், கம்ப்யூட்டர் தானாகவே ஆட்டத்தை முடித்து, யாருக்கும் தோல்வியில்லை, சமாதானம் என்ற பொருளில் 'ராஜி' என்று திரையில் போடும். பின்னாளில் அவள் எத்தனையோ பெரிய நிரல்களை எழுதினாள், பிரிவுக்கே தலைவியானாள், ஓய்வும் பெற்றாள். யார் கேட்டாலும், தான் எழுதியதிலேயே உருப்படியானது அந்த ராஜிதான் என்பாள்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்த வெள்ளிக்கிழமை நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒழுங்காக ஓர் ஆட்டம் பார்க்காமல் போக மாட்டோம் என்று கூட்டம் அடம்பிடித்தது. பில் அடிப்பதைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கும்படி மேடமே சொன்னார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, நாத்தனாரின் பழைய நிரலை முழுசாகத் திரும்பக் கொண்டுவந்தாள். அண்ணனும் அப்பாவியின் பழையதைக் கொண்டுவந்தான். அப்பாவி எதிரியைப் பார்த்தது, மரியாதையாக நகர்ந்து வழி விட்டது. நாத்தனார் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. மூலையில் மடக்கி, சுவரோடு சேர்த்து, உயிர் போகும் வரை சுட்டது.

அண்ணன் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தான்.

"இன்னொரு ஆட்டம்?" என்று கேட்டான்.